கறுக்காத பட்டை

மார்ச் 3, திங்கள்

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் நலம். அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது, குறட்டை குறையவில்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

முப்பதாம் தேதிக் கூட்டத்துக்குச் சாட்சி எழுதித் தா என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறாய். ‘தேவனுக்குப் பிரியமான வாழ்க்கை’ என்று தலைப்பும் நீயே கொடுத்துவிட்டாய். எங்கள் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை ஜெபத்தை நீ தொடங்கிவைத்து ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது நிர்வாகமே நமக்கென்று ஓர் அறை தரப்போகிறது, போதகரான நீ வந்து ஜெபித்துத் திறந்து வைக்கப்போகிறாய். இதையெல்லாம் நான் மேடை ஏறிச் சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். இது நாலாவது தாள். இது சாட்சி இல்லை குட்டி.

போனில் சொல்லக்கூடாதா என்பாய். உன் போனை உன் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காய் நறுக்குவாள். ஜெபத்துக்கு வந்தவர்கள் நாலு பேர் முன்னறையில் இருப்பார்கள். இது அவர்கள் காதுக்கானது இல்லை.

என் வேலையை நீ பார்த்ததில்லை. ஆபரேஷன் கருவிகளைக் கழுவிப் பொட்டலம் கட்டி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய இரும்புப் பெட்டிக்குள் வைத்து ஆவியில் வேகவைப்போம். உள்ளே ஒரு காகிதப் பட்டையும் வைப்போம். அதில் தேதியும் எண்ணும் நான் பேனாவால் எழுதுவேன். சரியாக வெந்தால் பட்டை கறுப்பாகிவிடும். அதைப் பதிவேட்டில் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் மெஷின் பழசு, அச்சடித்து எதுவும் தராது. ஆவி அழுத்தம் இறங்குகிறதா என்று முள்ளைப் பார்த்தபடி ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. பட்டை கறுத்தது என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு ஜெபத்துக்குப் போனேன். அன்றைக்கு மட்டுமில்லை. ஒரு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தோறும் இதுதான் பழக்கம். ஆண்டவர் காரியத்துக்குத்தானே போகிறோம், அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே கூசுகிறது.

நடுவில் ஆவி இறங்கியிருக்கிறது. மணி மட்டும் வழக்கம்போல் அடித்திருக்கிறது. ஜன்னலில் நின்று கருவிகளை வழங்குகிறவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். அவள் மணிச் சத்தத்தைக் கேட்டாள், என் கையெழுத்தைப் பார்த்தாள், பொட்டலங்களை எடுத்து ஆபரேஷன் அறைக்கு அனுப்பிவிட்டாள். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் திரும்பி வந்து பட்டையை எடுத்துப் பார்த்தால் கறுக்கவில்லை, பழுப்பாக இருந்தது. உடனே ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். கால் நகரவில்லை குட்டி. முதல் நாள் மீந்த கறுத்த பட்டை ஒன்று மேஜையில் கிடந்தது, எண் எழுதாதது. அதில் அன்றைய எண்ணை எழுதி ஒட்டினேன்.

அந்தப் பொட்டலத்துக் கருவிகளால் காலுக்கு ஆபரேஷன் நடந்த ஒரு தையற்காரம்மாவுக்குப் புண்ணில் கிருமி ஏறி மறுபடியும் கிழித்துத் தைத்திருக்கிறார்கள். விசாரணை வந்தது. பதிவேட்டில் பட்டை கறுப்பாக இருக்கிறது, ஆகவே வேகாத அடுக்கிலிருந்து வாயாடிதான் மாற்றி எடுத்துக் கொடுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வருகிற இருபதாம் தேதி கடைசி விசாரணை.

பழுப்புப் பட்டையை என் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இப்போது புத்தகத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இத்துடன் உனக்கு அனுப்புகிறேன். உன் அத்தானுக்கு எதுவும் தெரியாது. என்ன செய்யட்டும், சொல்.

உன் அக்கா

●

மார்ச் 7, வெள்ளி

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காவுக்கு,

நம் ஆண்டவரின் இனிய நாமத்தில் தம்பியின் அன்பின் வாழ்த்துகள். கிருபையால் இங்கே யாவரும் சுகம். உன் கடிதத்தையும் அதனுள் இருந்ததையும் பெற்றுக்கொண்டேன். மூன்று நாள் முழங்காலில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா, நீ மனம் கசந்து ஆண்டவரிடம் அறிக்கை செய்திருக்கிறாய். அவர் மன்னித்துவிட்டார். மன்னித்ததை மறுபடி மறுபடி தோண்டுவது விசுவாசம் அல்ல.

நீ போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ‘ஜெபத்துக்குப் போனதால் நோயாளியின் கால் போயிற்று’ என்றுதான் ஊரெல்லாம் பேசும். ஆண்டவருடைய நாமத்துக்கு அதைவிட இழுக்கு என்ன வேண்டும்? அந்த அறை போய்விடும். ஜெபத்துக்கு வருகிற பதினோரு பெண்கள் எங்கே போவார்கள்? வாழவே பிடிக்காமல் இருந்த அந்தச் சின்ன நர்ஸைச் செவ்வாய்க்கிழமை ஜெபம்தான் தாங்கிப் பிடித்தது என்று நீதானே எழுதினாய்? அவளுக்கு என்ன பதில் சொல்வாய்?

வாயாடிக்கு வேறு வேலைக்கு ஏற்பாடு செய்யலாம். நம் சபையில் ஒருவர் சின்ன மருத்துவமனை நடத்துகிறார், நானே பேசுகிறேன். அவள் இரட்சிக்கப்படவும் இது ஒரு வழியாகலாம் அல்லவா?

பொறுமையாய் இரு. அமைதியாய் இரு. சாட்சியை நானே எழுதி அனுப்புகிறேன், நீ வாசித்தால் போதும்.

ஊழியத்தில் உன் தம்பி,
போதகர்

●

மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள குட்டிக்கு,

சபைக்கு எழுதுகிற மாதிரி எனக்கு எழுதாதே. எனக்குப் புரியாத தமிழா அது?

ஆண்டவர் மன்னித்தார், சரி. சஸ்பெண்ட் ஆனது ஆண்டவர் இல்லையே.

நேற்று வாயாடியின் வீட்டுக்குப் போனேன். எப்போதும் மாடிப்படியில் ஏறும்போதே அவள் குரல் கேட்கும். நேற்று சத்தமே இல்லை. கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை தோறும் ‘உங்க சாமிக்கு வேற நேரமே கிடைக்கலயா, சரியா என் சாப்பாட்டு நேரத்துலதான் கூப்பிடுவாரா? போங்க போங்க, நான் பாத்துக்கறேன்’ என்று என்னைத் துரத்திவிடுகிறவள் அவள். ஐந்து வருஷமாக அவள் ஜன்னலில் நின்றதால்தான் நான் போய் ஜெபித்தேன்.

“விசாரணையில நான் ஜெபத்துக்குப் போயிருந்தத நீ சொல்லலயாமே?” என்றேன்.

“அத வேற சொல்லி, நிறுத்தித் தொலைச்சிட்டாங்கன்னா? உங்களுக்கு இருக்கறதே அது ஒண்ணுதான்” என்றாள்.

அவள் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள்: “நல்லா ஞாபகம் இருக்குக்கா, வெந்த அடுக்குலேருந்துதான் எடுத்தேன். ஆனா எல்லாரும் சொல்றதப் பாத்தா நான்தான் மாத்தி எடுத்துட்டேனோ என்னவோ. இப்பல்லாம் வீட்டுல அடுப்ப அணைச்சேனான்னு நாலு தடவ எழுந்து போய்ப் பாக்கறேன்.”

இதற்கு என்ன வசனம் வைத்திருக்கிறாய், சொல்லு.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வார்டுக்குப் போனேன். தையற்காரம்மா கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு மற்ற காலை மெத்தையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார், மெஷின் மிதிக்கிற மாதிரி. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்க ஜெபம் பண்ற அக்காதான? நர்ஸு சொல்லிச்சு. எனக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்கம்மா” என்று என் கையைப் பிடித்துத் தன் முழங்காலின்மேல் வைத்தார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஐந்து வருஷமாக மடமடவென்று ஜெபிக்கிற வாய் இது. ஒரு வார்த்தை வரவில்லை. கையை உருவிக்கொண்டு எழுந்து ஓடி வந்துவிட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

இருபதாம் தேதி நான் சொல்லப்போகிறேன். பட்டையை உடனே கூரியரில் அனுப்பு. வேலை போகும், பெயரும் போகும். போகட்டும்.

இன்று செவ்வாய்தான். ஜெபத்துக்குப் போகவில்லை. மணி அடிக்கும்வரை முள்ளைப் பார்த்துக்கொண்டு மெஷின் பக்கத்திலேயே நின்றேன்.

உன் அக்கா

●

மார்ச் 14, வெள்ளி

பிரியமான அக்காவுக்கு,

அன்பின் வாழ்த்துகள். சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ கேட்டது என்னிடம் இல்லை. அன்றே எரித்துவிட்டேன். உன்னைச் சோதனையிலிருந்து விலக்கிக் காக்கவே அப்படிச் செய்தேன்.

இனி நீ போய்ச் சொன்னாலும் ஆதாரம் ஒன்றும் இல்லை. உன்னையும் கெடுத்து, என் இருபது வருஷ ஊழியத்தையும் குழிதோண்டிப் புதைப்பதுதான் மிச்சம். அறைத் திறப்புக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. நீ என்னை வளர்த்தவள். நான் உன்னிடம் இதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், வாயைத் திறக்காதே.

உன் தம்பி,
போதகர்

●

மார்ச் 21, வெள்ளி

குட்டிக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை பதினோரு மணிக்குப் பெரிய டாக்டரின் அறையில் விசாரணை. அவர், தலைமை நர்ஸ், எழுதுகிற ஒருவர். வாயாடியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தாத அறை அது, உள்ளே பேசுவது பெஞ்சுக்குக் கேட்கும். நான் ஒன்று விடாமல் சொன்னேன். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டது, ஜெபத்துக்குப் போனது, பட்டையை மாற்றி ஒட்டியது எல்லாம்.

அவர்கள் திட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார், அதுதான் கொடுமை.

“அம்மா, உங்க நல்ல மனசு யாருக்கு வரும்? அந்தப் பொண்ணக் காப்பாத்தறதுக்காகப் பழியத் தூக்கித் தலைமேல போட்டுக்கறீங்க. இந்த ஆஸ்பத்திரில உங்களத் தெரியாதவங்க யாரு? நீங்க போய் இப்படிச் செய்வீங்களா?”

“நான்தான் சார் செஞ்சேன்.”

“அப்ப அந்தப் பழுப்புப் பட்டை எங்க?”

உன் பெயரைச் சொல்லவில்லை குட்டி. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். “இப்ப என்கிட்ட இல்ல சார்” என்றேன். அவர் தலைமை நர்ஸைப் பார்த்தார், அந்தம்மா என் தோளைத் தட்டி, “போய் ஒரு டீ குடிங்க” என்றார்.

பார்த்தாயா? இத்தனை வருஷமாக ‘நல்லவள், நல்லவள்’ என்று பேர் வாங்கி வைத்தேனே, அந்தப் பேரே என் வாயை அடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் தியாகம் என்கிறார்கள்.

வெளியே வந்தேன். வாயாடி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று வாயெடுத்தேன். முடிக்க விடவில்லை. “எனக்கு யாரும் பிச்சை போட வேணாம். ஏற்கனவே என் பேரு நாறுது, அதுல ஏறி நின்னு நீங்க புண்ணியம் தேடாதீங்க” என்றாள். எதிரே வந்த ஸ்ட்ரெச்சரைக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று போய்விட்டாள். அவளும் நம்பவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி உத்தரவு போடுகிறார்கள். அவளை வேலையிலிருந்தே நீக்கப்போகிறார்களாம். அந்தச் சான்றோடு வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது, உன் சபைக்காரர் ஆஸ்பத்திரியும் சேர்க்காது.

உன் அத்தானிடம் நேற்றுச் சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை அணைத்தார். “இத்தன நாளா என்கிட்ட மூச்சு விடல, உன் தம்பிகிட்டதான் சொல்லத் தோணிச்சா?” என்று கேட்டார்.

உனக்கு ஒன்பது வயதில் ஞாயிறு பள்ளி ஒப்புவித்தல் போட்டி நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? மேடைத் திரைக்குப் பின்னால் நின்று நான்தான் உனக்கு ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தேன். முதல் பரிசு உனக்கு. வாங்கின கையோடு நீ மேடையிலேயே நின்று, ‘அக்கா சொல்லிக் கொடுத்தா, எனக்குத் தெரியாது’ என்று அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாய். என் மானம் போயிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைக் கிள்ளினேன். ‘பைத்தியமா உனக்கு, யாருக்குத் தெரியப்போகுது’ என்றேன். நீ என்ன சொன்னாய் என்று நான் எழுத மாட்டேன். உனக்கே தெரியும்.

அந்தப் பையனைத்தான் நான் வளர்த்தேன். இப்போது எனக்குக் கடிதம் எழுதுகிறவர் யார் என்று தெரியவில்லை. முப்பதாம் தேதி நான் வர மாட்டேன். இனி எழுதவும் மாட்டேன்.

அக்கா

●

மார்ச் 25, செவ்வாய்

அக்கா,

இந்த உறைக்குள் ஒரு சின்னக் கவர் இருக்கிறது. முதலில் அதைப் பத்திரமாக எடுத்து வை. மடங்கிவிடாமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

எரிக்கவில்லை.

எரிக்கத்தான் நினைத்தேன். தீக்குச்சியைக்கூடக் கிழித்துவிட்டேன். பட்டையில் உன் கையெழுத்தில் தேதி, எண். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் நீ போடுகிற அந்தக் குறுக்குக்கோடு. விரல் சுட்டது, குச்சியைக் கீழே போட்டேன். பட்டையை என் பிரசங்க நோட்டுக்குள் வைத்தேன். உனக்கு மட்டும் எரித்துவிட்டேன் என்று எழுதினேன். அப்படிச் சொன்னால் நீ வேறு வழியில்லாமல் அடங்கிவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். அந்த நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிறு பிரசங்கமும் செய்தேன் அக்கா. தலைப்பு, உனக்குத் தெரிந்ததுதான்.

ஊழியம், நாமம், பதினோரு பெண்கள் என்று உனக்கு எழுதியதெல்லாம் முழுப்பொய் இல்லை. ஆனால் அடியில் இருந்தது என் பயம். அந்த அறையின் வாசலில் கல்வெட்டு வைக்கிறார்கள், அதில் என் பெயர் வருகிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நீ என் பெயரைச் சொல்லாமல் விழுங்கினாய் என்று படித்ததும் நோட்டை மேஜைமேல் வைத்துப் பட்டையை வெளியே எடுத்தேன். உன் தம்பி மனைவி வந்து என்னவென்று கேட்டாள். பட்டையைக் காட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். “இன்னும் ஏன் இங்க வெச்சிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கூரியர் ஆபீஸ் எத்தனை மணிவரை என்று விசாரிக்கப் போய்விட்டாள்.

பெரிய டாக்டருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். பட்டை என்னிடம் வந்த நாள், நான் அதை மறைத்தது, உன்னை மிரட்டியது எல்லாம் அதில் இருக்கிறது. அறைத் திறப்புக்கு நான் வரவில்லை என்றும் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை வைத்துக்கொள்வார்களா என்று தெரியாது.

உன்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அந்தப் பட்டையை ஏன் எனக்கு அனுப்பினாய் என்று. அது போகும்போது போகட்டும்.

அன்றைக்கு வழியில் நீ கிள்ளியபோது, ‘ஆண்டவருக்குப் பிடிக்காதுக்கா’ என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறக்கவில்லை.

குட்டி

●

ஏப்ரல் 5, சனி

அன்புள்ள குட்டிக்கு,

இனி எழுத மாட்டேன் என்று சொன்னவள்தான் எழுதுகிறேன். கேலி செய்யாதே.

முப்பத்தொன்றாம் தேதி பட்டையை மேஜைமேல் வைத்தேன். பெரிய டாக்டர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே தேதி, ஒரே எண், ஒரே கையெழுத்து. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்கு மட்டும்தான் புரியும்.

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். மேற்கொண்டு வழக்கு வருமா என்று பிறகுதான் தெரியும், உன் அத்தான் வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமை ஜெபத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அறை இப்போது துணி வைக்கிற அறை. நீ பயந்தது எல்லாமே நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தச் சின்ன நர்ஸ் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அவளும் இன்னும் மூன்று பேரும் இனி இங்கேயே வருவார்களாம். மற்றவர்கள் தெருவில் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் கடந்து போகிறார்கள்.

வாயாடி வேலைக்குத் திரும்பிவிட்டாள். அன்றைக்கு அவளையும் உள்ளே கூப்பிட்டு இரண்டு பட்டையையும் காட்டினார்கள். இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். “ஒண்ணரை மாசமா என் கைய நானே நம்பலக்கா” என்றாள். திரும்பி நடந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் மன்னித்துவிடு என்று அவள் பின்னால் ஓடவில்லை. அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசட்டும்.

உன்னைச் சபையில் மூன்று மாதம் மேடை ஏறக்கூடாது என்றார்களாமே? உன் மனைவி போனில் சொன்னாள், ஸ்பீக்கரில்தான். மூன்று மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து பிறர் பிரசங்கத்தைக் கேள், தூங்காதே.

தையற்காரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை போனேன், பார்வை நேரத்தில், மற்றவர்களைப் போல வரிசையில் நின்று. கேட்டு முடித்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கால் பழையபடி மடங்குமா என்று இன்னும் டாக்டர்களே சொல்லவில்லை. அவருடைய கோபம் நியாயம். நான் வெளியே தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். புதன்கிழமையும் போனேன், வியாழக்கிழமையும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் உள்ளே போகவில்லை.

நேற்றும் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“யம்மா, கதவத் தொறந்து போட்டுட்டு அங்க என்ன பண்றீங்க? காத்து அடிக்குது. சாத்திட்டு உள்ள வாங்க.”

சாத்திவிட்டு உள்ளே போனேன்.

உன் அக்கா